விலையுயர்ந்த மேலட் பட்டரும் பத்தாண்டுப் பழைய பிளேடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இதில் வருபவர் சென்னையில் ஆடும் ஒரு அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர். வயது 58, உயரம் 168 செ.மீ., வலது கைக்காரர், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 16. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றபின் வாரத்தில் இரண்டு மூன்று காலை மைதானத்துக்கு வந்துவிடுவார். டிரைவர் அடி நேராகப் போகும், அயர்ன் அடிகளும் மோசமில்லை. ஸ்கோர் கெடுவது கிரீனில்தான், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில். 6 அடிக்குள் இருக்கும் பட் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) தவறும். அதுவும் ஒரே பக்கமாகத் தவறாது. ஒருநாள் இடது, ஒருநாள் வலது.

அவர் கையில் இருந்தது 35 அங்குல பிளேடு பட்டர், அதாவது பட் அடிக்க உதவும், மெல்லிய தலையுள்ள மட்டை. கடையில் இருந்ததை அப்படியே வாங்கி, பத்து ஆண்டுக்கு மேல் ஆடியது. அதன் லாஃப்ட் (பந்தைத் தொடும் முகத்தின் சாய்வு) எவ்வளவு, லை கோணம் (தண்டு தரையோடு செய்யும் கோணம்) எவ்வளவு என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. அதை விட்டுவிட்டு 50,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள, பெரிய தலை கொண்ட ஒரு மேலட் பட்டர் வாங்கலாமா என்பதுதான் அவர் கொண்டுவந்த கேள்வி. மட்டைகளை அளவு பார்த்துச் சரிசெய்து தருவது என் வேலை என்பதால் என்னிடம் வந்தார்.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. 2024 மார்ச்சில் தொழில்முறை ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் பிளேடை விட்டு ஸ்பைடர் வகை மேலட்டுக்கு மாறினார். மாறிய கையோடு ஆர்னால்ட் பால்மர் இன்விடேஷனல் போட்டியை 5 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார், அடுத்த வாரமே பிளேயர்ஸ் போட்டி, அதற்கடுத்த மாதம் மாஸ்டர்ஸ். 2025 மாஸ்டர்ஸில் ரோரி மக்கில்ராய் கையிலும் ஸ்பைடர்தான். அதே ஆண்டு ஓக்மாண்டில் நடந்த யு.எஸ். ஓப்பனின் கடைசிக் குழியில் ஜே.ஜே. ஸ்பான் 64 அடி பட்டை உள்ளே தள்ளியதும் ஒரு மேலட்டால்தான். இதையெல்லாம் பார்த்த ஒருவர் தன் பிளேடைச் சந்தேகப்படுவது இயல்பு. ஆனால் அந்த மூவருக்கும் பட்டர் அவரவர் உடம்புக்கும் கைவீச்சுக்கும் அளவெடுத்துச் செய்தது. டிவியில் தெரிவது தலையின் உருவம் மட்டும்தான்.

## மேலட் எதைத் தரும், எதைத் தராது

வாங்குவதற்கு முன் இதைத் தெளிவாகப் பேசிக்கொண்டோம். எதை எதிர்பார்க்கலாம் என்று தெரியாமல் எதையும் மதிப்பிட முடியாது.

பட்டரின் தலையில் எடையை ஓரங்களுக்கும் பின்னுக்கும் தள்ளி வைத்தால், பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது. இயற்பியலில் இதை நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். விற்பனைத் தாள்களில் எம்.ஓ.ஐ. என்று போட்டிருக்கும். கார்ஸ்டன் சோல்ஹைம் 1966-ல் கொண்டுவந்த பிங் ஆன்சர் பிளேடுகூட எடையை ஹீலுக்கும் (தலையின் தண்டுப் பக்க ஓரம்) டோவுக்கும் (அதன் எதிர் ஓரம்) பிரித்து வைத்ததால்தான் பெயர் வாங்கியது. மேலட் அதையே பின்பக்கமும் நீட்டுகிறது. தலை பெரிதாக இருப்பதால் குறி வைக்க நீளமான கோடு போடவும் இடம் கிடைக்கிறது. இதற்கும் எல்லை உண்டு: கோல்ஃப் விதிகளை வகுக்கும் யு.எஸ்.ஜி.ஏ., ஆர் அண்ட் ஏ அமைப்புகளின் விதிகளின்படி ஹீலிலிருந்து டோ வரையிலான அகலம் 7 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, முன்பின் நீளம் அந்த அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், உயரம் 2.5 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆக மேலட்டிடம் கேட்கக்கூடியவை இரண்டு: விலகிப் பட்ட அடிக்கு மன்னிப்பு, குறி வைக்க உதவி. கிரீனின் சரிவைப் படிப்பதையும், 35 அடி பட்டை எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்பதையும் அது கற்றுத்தராது.

எவ்வளவு சின்னப் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். முகம் 1 டிகிரி திறந்திருந்தால் 6 அடியில் பந்து சுமார் 1.25 அங்குலம் விலகும். 10 அடியில் 2 அங்குலத்துக்குச் சற்று மேல். குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது நடுவிலிருந்து ஓரம் 2.125 அங்குலம். 10 அடியிலிருந்து குழியின் நடுவைக் குறிவைத்து அடித்தால், 1 டிகிரி பிழையே பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 8 அடியிலிருந்து ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். இந்த ஒரு தகவல் அவரைக் கொஞ்சம் ஆறுதல்படுத்தியது. எல்லா 8 அடி பட்டும் விழ வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தார்.

## முதல் காலை: பழைய பட்டருடன்

புதியதைத் தொடுவதற்கு முன் பழையதுடன் என்ன நடக்கிறது என்று பார்த்தோம். பயிற்சி கிரீனில் ஏறக்குறைய சமமான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, சுண்ணாம்புக் கயிற்றால் 6 அடிக்கு ஒரு கோடு. பட்டரின் முகத்தில் லேசாக முகப்பவுடர் பூசிக்கொண்டால் பந்து பட்ட இடம் பொட்டாகத் தெரியும். விலையில்லாத சோதனை, ஆனால் நான் எதையும்விட இதைத்தான் நம்புகிறேன்.

பொட்டுகள் நடுவில் இல்லை. பெரும்பாலும் ஹீல் பக்கம் விழுந்திருந்தன. நேரம் ஆக ஆக இன்னும் பரவின. பட்டரைத் தரையில் வைத்தபோது டோ மேலே தூக்கி நின்றது. அடியில் ஒரு நாணயத்தைச் சுலபமாகச் சொருகலாம். 168 செ.மீ. உயரக்காரருக்கு 35 அங்குலம் நீளம். ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) நீளமாக இருந்ததால் பந்திலிருந்து தள்ளி நின்றார். தள்ளி நின்றதால் கண் பந்துக் கோட்டுக்கு உள்பக்கம் வந்துவிட்டது. வலது கைக்காரர் அப்படி நின்றால் பெரும்பாலும் குறி வலது பக்கம் போகும்.

இதை நான் சொல்வதற்கு முன்பே சொன்னவர், அவருக்குப் பல வருடமாகப் பை தூக்கி வரும் கேடி.

"சார், நீங்க அடிக்கிறதுல தப்பு இல்ல. வைக்கிறதே வலப்பக்கம்தான். அப்புறம் கை தானா உள்ள இழுக்குது. இழுத்தா இடது, இழுக்க மறந்தா வலது."

"இத்தனை வருஷமா ஏன் தம்பி சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்."

ஒரு பட்டர் மதிப்பீட்டில் கிடைத்த மிக முக்கியமான தகவல் இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் தவறுவதற்குக் காரணம் ஒன்றே: வலது பக்கம் குறி, அதைச் சரிக்கட்டக் கையின் இழுப்பு. நாள்தோறும் பட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பவருக்கு அது தெரிந்திருந்தது. கேடியை வெறும் பை தூக்குபவராக நினைத்து ஒதுக்குகிற பழக்கம் நம் கிளப்புகளில் இன்னும் இருக்கிறது. அதனால் இழப்பு ஆட்டக்காரருக்குத்தான்.

கைவீச்சையும் பார்த்துக்கொண்டோம். பின்னே போகும்போது உள்பக்கம் வளைந்து, முன்னே வந்து மறுபடி உள்பக்கம் திரும்பும் மிதமான வளைவு. நேர்கோட்டு வீச்சு இல்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

## கடையில் பிடித்தது, கிரீனில் பிடிக்காதது

அவர் மனதில் வைத்திருந்த மேலட்டின் சோதனைப் பிரதி ஒரு கடையில் இருந்தது. 34 அங்குலம், இரட்டை வளைவு ஷாஃப்ட், முகம் சமநிலையில் இருக்கும் வகை. ஷாஃப்டை விரலில் கிடத்திப் பார்த்தால் முகம் வானத்தைப் பார்க்கும். அதைத்தான் முகச் சமநிலை என்கிறார்கள். டோ கீழே தொங்கினால் டோ ஹேங்.

கடையின் செயற்கைப் புல் விரிப்பில் அது அருமையாக வேலை செய்தது. கோடு நீளம், குறி நேர், பந்து குழியின் நடுவில். அவர் முகத்தில் சந்தோஷம். அன்றே வாங்கிவிட வேண்டும் என்றார். கடைக்காரரும் நல்ல மனிதர், வற்புறுத்தவில்லை. பிரதியை இரண்டு வாரம் மைதானத்துக்கு எடுத்துப்போக ஒப்புக்கொண்டார். இந்த வசதி இல்லாத கடையில் இந்த விலைக்கு ஒரு பட்டரை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

விரிப்பில் புல்லின் சாய்வு கிடையாது, சரிவு கிடையாது, எல்லாப் பட்டும் ஒரே தூரம். நம் கிரீன்களில் பெர்முடா வகைப் புல். அது ஒரு பக்கமாகப் படுத்து வளரும். படுத்திருக்கும் திசையில் பார்த்தால் பளபளக்கும், எதிரே பார்த்தால் கருமையாகத் தெரியும். பளபளப்போடு அடித்தால் பந்து ஓடும், கருமைக்கு எதிராக அடித்தால் நின்றுவிடும். காலையில் பனி ஈரம் இருக்கும்போது ஒரு வேகம், பதினோரு மணி வெயிலில் வேறு வேகம்.

மைதானத்தில் முதல் சில சுற்றுகளில் கண்டது இது. குறி நிஜமாகவே சரியாகிவிட்டது. பின்னால் நின்ற கேடியும் ஒப்புக்கொண்டார். ஆனால் 6 அடி பட்டுகள் வலது ஓரத்தில் உரசி வெளியே போயின, அநேகமாக எல்லாமே ஒரே மாதிரி. முகச் சமநிலைத் தலை அவருடைய வளைவு வீச்சில் மூடி வர மறுத்தது. முகம் சற்றுத் திறந்தபடியே பந்தைத் தொட்டது. வளைவு வீச்சுக்காரர் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். முகச் சமநிலை பட்டரை வளைவு வீச்சில் அழகாக ஆடுபவர்களும் உண்டு. இவருக்கு ஆகவில்லை.

நீளமான பட்டிலும் சிக்கல். பழைய பிளேடின் தலையைவிட மேலட்டின் தலை கனம். 30, 40 அடியிலிருந்து பந்து குழியைத் தாண்டி ஓடியது. திரும்பி வரும் பட் நீண்டு, மூன்று பட் ஆகும் குழிகள் முன்பைவிடக் கூடின.

## முதல் முடிவு: வாங்காமல் பழையதைச் சரிசெய்வது

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, அதே தலையைச் சாய்ந்த குட்டைக் கழுத்துடன் (ஷாஃப்ட் தலையோடு சேரும் பகுதி), டோ ஹேங் உள்ள வடிவில் வரவழைத்துப் பார்ப்பது. இன்னொன்று, பழைய பிளேடைச் சரிசெய்வது. இரண்டாவதை முதலில் செய்தோம். ஆட்டக்காரருக்கு இதில் விருப்பமில்லை. "பழசுல காசு போடணுமா?" என்று கேட்டார்.

காரணம் எளிது. மேலட் 34 அங்குலம், பிளேடு 35 அங்குலம். குறி சரியானது மேலட்டின் உருவத்தாலா, ஒரு அங்குலம் குறைந்ததாலா என்று நமக்குத் தெரியாது. அளவெடுத்துத் தைத்த புதுச் சட்டையையும், தொளதொளவென்று தொங்கும் பழைய சட்டையையும் பக்கத்தில் வைத்துத் துணி எது நல்லது என்று கேட்பது போன்றது அது. பட்டர் வாங்கும் பெரும்பாலோர் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். புதியது ஜெயிக்கும், காசும் போகும், ஜெயித்தது எதனால் என்று கடைசிவரை தெரியாது.

பிளேடின் ஷாஃப்டை 33.5 அங்குலமாக வெட்டினோம். வெட்டினால் தலை லேசாகத் தோன்றும் என்பதால் அடியில் ஈயப் பட்டை ஒட்டினோம். லை கோணத்தை 2 டிகிரி தாழ்த்தினோம். வார்ப்பு எஃகுத் தலை என்பதால் அதற்கு மேல் வளைக்கப் பயந்தோம். கழுத்து விரிசல் விட்டால் கதை முடிந்தது. கிரிப்பும் மாற்றியதில் எல்லாம் சேர்த்துப் புது மேலட் விலையில் ஒரு சிறு பகுதிகூட ஆகவில்லை.

## ஒப்பிட்ட முறை

மூன்று பட்டர்களைக் களத்தில் வைத்தோம்: சரிசெய்த பிளேடு, அதே விலையுயர்ந்த மேலட்டின் குட்டைக் கழுத்து வடிவம், கூடவே ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய நடுத்தர விலை மேலட். கடைசியானது கிட்டத்தட்ட அதே உருவம், விலை பாதிக்கும் குறைவு.

ஒரே பந்து வகை. ஒரு பட்டரில் தொடர்ந்து அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் மாற்றி மாற்றி. இல்லாவிட்டால் கடைசியில் வரும் பட்டருக்குப் பழகிய கிரீன் கிடைத்துவிடும், அல்லது களைத்த கை கிடைக்கும். ஒரே குழிக்குப் புல்லோடும் புல்லுக்கு எதிராகவும். அதிகாலையில் ஒருமுறை, சுற்று முடித்து வியர்த்து வந்தபின் இன்னொருமுறை. உள்ளே விழுந்ததை மட்டும் எண்ணாமல், விழாத பந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதையும் கேடி குறித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் முகத்தில் பவுடர்.

எந்தப் பட்டர் எவ்வளவு விலை என்பது ஆட்டக்காரருக்குத் தெரியும். அதை மறைக்க வழியில்லை. அதனால்தான் "கைக்கு எப்படி இருக்கு" என்ற கேள்வியைக் கடைசிவரை கேட்கவில்லை. எண்ணும் பொட்டும் பேசட்டும் என்று விட்டோம்.

## கண்டது

அதிகாலையில் சரிசெய்த பிளேடுக்கும் மேலட்டுகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. 6 அடியில் பழைய நிலையில் பாதியளவே போட்டுக்கொண்டிருந்தவர், வெட்டிய பிளேடில் தெளிவாக அதைவிட அதிகம் போட்டார். வலப்பக்கக் குறி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதாவது புது மேலட் செய்த அற்புதம் என்று அவர் நினைத்ததில் பெரும்பங்கு, அந்த ஒன்றரை அங்குல ஷாஃப்டுக்குச் சேர வேண்டியது.

சுற்று முடிந்தபின் நிலைமை மாறியது. வெயிலில் நாலு மணி நேரம் நடந்தபின் பிளேடின் முகத்தில் பொட்டுகள் ஹீலிலிருந்து டோ வரை சிதறின. பந்து குழிக்கு முன்பே நின்றது, டோ பக்கம் பட்டவை வலப்பக்கம் நழுவின. மேலட்டுகளிலும் பொட்டுகள் அதே அளவு சிதறித்தான் இருந்தன, ஆனால் பந்து போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தச் சிதறல் அவ்வளவாகத் தெரியவில்லை. மேலட்டின் பெரிய தலை தரும் மன்னிப்பு என்பது இதுதான். அது இவருக்குத் தேவைப்படுவது பதினான்காவது, பதினைந்தாவது குழிக்கு மேல். 58 வயதில், சென்னையின் மே மாதத்தில், இது சின்ன விஷயம் இல்லை.

குட்டைக் கழுத்து வடிவத்தில் வலது ஓர உரசல் நின்றுவிட்டது. தலை அதேதான், கழுத்து மட்டும் வேறு. முதல் பிரதியை அன்றே வாங்கியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

விலையுயர்ந்த மேலட்டும் நடுத்தர விலை மேலட்டும் எண்ணிக்கையில் பிரிக்க முடியாதபடி இருந்தன. ஒலியும் கையில் தெரியும் அதிர்வும் வேறு. ஒன்று முழு உலோகத்தைக் கடைந்து செய்த முகம், மற்றது மென்மையான செருகு முகம். கடைந்த முகத்தில் பந்து எங்கே பட்டது என்பது கைக்குத் துல்லியமாகத் தெரிகிறது என்றார். அதை நான் மறுக்கவில்லை, நீண்ட நாள் பழகுபவருக்கு அந்தத் தகவல் பயன்படும். ஆனால் சோதனையில் அதற்காகக் கூடுதலாக ஒரு பந்தும் விழவில்லை.

## கொடைக்கானல்

இடையில் நண்பர்களோடு கொடைக்கானலுக்கு ஆடப் போனார். 1895-ல் தொடங்கிய பழைய மைதானம், மேடும் பள்ளமும், குளிர். சரிசெய்த பிளேடையும் இரவல் மேலட்டையும் கொண்டுபோனார். சென்னையில் பழகிய புல்லின் கணக்கு அங்கே உதவவில்லை; சரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கீழ்நோக்கிய 4 அடி, 5 அடி பட்டுகளில் மேலட் அவருக்கு அமைதியைத் தந்தது. மெதுவாகத் தொட்டாலும் தலை ஆடவில்லை. நீண்ட பட்டில் அங்கேயும் பிளேடே மேல். வேகம் அவர் கையில் இருந்தது.

சமவெளியில் வெயிலில் கண்டதும் மலையில் குளிரில் கண்டதும் ஒத்துப்போனதால், குட்டைப் பட்டில் மேலட்டின் பலன் தற்செயல் இல்லை என்று நம்பினோம்.

## இரண்டாவது முடிவு

இனி எதை வாங்குவது? நடுத்தர விலை மேலட்டே போதும் என்பது என் வாதம். ஒரு தடை வந்தது: அந்த மாடலில் குட்டைக் கழுத்தும் 33.5 அங்குலமும் சேர்ந்து இங்கே கிடைக்கவில்லை. இரவல் பட்டர் ஒரு அங்குலம் நீளமாக இருந்ததால் சோதனைக்காகக் கிரிப்பைத் தாழ்த்திப் பிடித்துத்தான் அடித்தார். வெட்டலாம் என்றால், தலையின் எடையை மாற்ற அதில் திருகு எடைகள் இல்லை. விலையுயர்ந்த மாடலில் நீளம், லை, கழுத்து, திருகு எடை நான்கையும் சொல்லி வரவழைக்கலாம்.

இதற்கிடையில் இணையத்தில் அதே மாடல் பாதி விலைக்கு வருகிறது என்று ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தார். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அடியில் உள்ள எழுத்துகளின் ஆழம் சீராக இல்லை, ஷாஃப்ட் பட்டையின் நிறம் வேறு, வரிசை எண் கேட்டதற்குப் பதில் இல்லை. பெயர் பெற்ற பட்டர்களுக்குப் போலிகள் ஏராளம். தலையின் எடை 15 கிராம் மாறினாலே இத்தனை நாள் செய்த சோதனைக்கு அர்த்தம் இல்லாமல் போகும். அதை விட்டுவிட்டார்.

கடைசியில் விலையுயர்ந்ததையே, 33.5 அங்குலம், குட்டைக் கழுத்து, லை 2 டிகிரி தாழ்வு, தலையில் ஒரு படி குறைந்த எடை என்று சொல்லி வரவழைத்தார். கூடுதல் பணம் அளவுத் தெரிவுகளுக்கும் கடைசலின் நேர்த்திக்கும்தான், கூடுதலாக விழும் பந்துகளுக்கு இல்லை என்பதைத் தெரிந்தே வாங்கினார். அதில் எனக்கு மனத்தடை இல்லை. தெரிந்து செலவழிப்பது அவர் உரிமை.

## பின்னர் நடந்தது

முதல் மாதம் கடினம். குட்டைப் பட்டுகள் விழுந்தன, ஆனால் நீண்ட பட்டுகள் தாண்டி ஓடியபடியே இருந்தன. எடையைக் குறைத்து வாங்கியும் பழைய கைவேகம் மாறவில்லை. பட்டரைக் குறை சொல்லத் தொடங்கிய நேரத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் முன் 20, 30, 40 அடியில் குழியே இல்லாமல் ஒரு மரக்குச்சியை நோக்கி அடிக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். குழி இல்லாதபோது போடும் ஆசை போய், தூரம் மட்டும் கண்ணில் நிற்கும். டூர் ஆட்டக்காரர்களுக்கே சுமார் 33 அடியில் சராசரி இரண்டு பட் ஆகிறது என்று சொன்னதும், 33 அடியில் இரண்டு பட் போட்டால் சந்தோஷப்படலாம் என்று புரிந்துகொண்டார். இரண்டாம் மாத முடிவில் மூன்று பட் ஆகும் குழிகள் பழைய அளவுக்கு இறங்கின, பிறகு அதற்கும் கீழே.

ஆறு மாதத்தில் ஹேண்டிகேப் 16-லிருந்து 15-க்கு வந்தது. இதைப் பட்டரின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. 2020 முதல் நடைமுறையில் உள்ள உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. கடைசிக் குழிகளில் தவறும் பட்டுகளால் கெட்டுப்போன சுற்றுகள் அந்த 8-க்குள் வருவதே அரிது. எனவே இவருக்குக் கிடைத்த நன்மை அந்த எண்ணில் முழுதாகத் தெரியாது. பதினைந்தாவது குழிக்கு மேல் அவர் ஸ்கோர் கார்டைப் பார்த்தால் தெரிகிறது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில், கிரீன் ஊறி மெதுவாக இருக்கும் நாள்களில், அவர் சிலசமயம் பிளேடையே எடுத்துவருகிறார். ஈரக் கிரீனில் நீண்ட பட்டுக்கு அது கைக்கு வசமாக இருக்கிறது என்கிறார். அதைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை. விதிப்படி ஒரு சுற்றுக்கு 14 மட்டைகள் கொண்டுபோகலாம்.

## இனி மாற்றுபவை

அடுத்து இதே கேள்வியோடு வருபவரிடம் வரிசையைக் கொஞ்சம் மாற்றுவேன்.

கேடியிடம் முதலில் பேசுவேன், ஆட்டக்காரர் பக்கத்தில் இல்லாதபோது. எதிரில் வைத்துக் கேட்டால் பாதி மரியாதைக்காகவே சொல்லாமல் விடுவார்கள். பழைய பட்டரை அளந்து சரிசெய்வதைக் கடைக்குப் போவதற்கு முன்பே முடித்துவிடுவேன். இந்த நிகழ்வில் கடைக்குப் போனபின் செய்ததால், ஆசை வந்துவிட்ட ஒருவரை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இது மட்டைகளைப் பற்றிய விஷயம் இல்லை, மனிதரைப் பற்றியது. ஆனால் முடிவை அது அவ்வளவு பாதிக்கிறது.

சோதனையின் பாதியைக் கட்டாயம் சுற்று முடிந்தபின் வைப்பேன். களைப்பில்லாத கையில் எல்லாப் பட்டரும் நல்ல பட்டர்தான்.

நீண்ட பட்டுகளை வாங்கும் முன்னரே இன்னும் அதிகம் சோதிப்பேன். நாங்கள் 6 அடியிலேயே அதிக நேரம் செலவிட்டோம். தலையின் எடை கைவேகத்தோடு எப்படிச் சண்டை போடும் என்பதை முன்னமே பார்த்திருந்தால், எடையை இரண்டு படி குறைத்துக் கேட்டிருக்கலாம். இப்போது அந்தத் திருகு எடைகளைத் தனியாக வாங்கி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 10 கிராம் குறைத்ததில் 40 அடி பட் குழிக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது, 6 அடியில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. வெயில் காலத்தில் கிரீன்கள் இறுகி வேகம் கூடியபின் அதே சோதனையை மறுபடி செய்து, எடையை அப்படியே விடுவதா என்று முடிவு செய்வோம்.